பெயர் மிஞ்சியது

சித்தூர் நாகய்யாவுக்கும் நியூயார்க்கின் ராமோன்ஸ் குழுவுக்கும் பொதுவானவை இரண்டு: கடன் வாங்கிய பெயர், கைக்கு வராத பணம். திருப்பதியில் மட்டும் ஒரு முறை கணக்கு கொஞ்சம் நேரானது.

சித்தூர் நகரத்தில் நாடகம், நடனம், அரசு விழா என்று எது நடந்தாலும் அடிபடும் பெயர் நாகய்யா கலாக்ஷேத்திரம். மேடை ஏறும் பள்ளிப் பிள்ளைகளிடம் நாகய்யா யார் என்று கேட்டால் "பழைய நடிகர்" என்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் "எங்க ஊர்" என்பார்கள். இரண்டாவது பதில் சரியல்ல. உப்பலதடியம் நாகய்யா 1904 மார்ச் 28 அன்று பிறந்தது குண்டூர் மாவட்டத்து ரேபள்ளியில். சித்தூருக்கு வந்தவர், அங்கே படித்தார், குமாஸ்தாவாக வேலை பார்த்தார், பத்திரிகைக்கு எழுதினார், காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டார். கடைசியில் ராம விலாச சபை என்ற நாடகக் குழுவில் பாட்டும் நடிப்புமாக நின்றார். அந்த மேடைதான் ஊர்ப் பெயரை அவருக்கு முன்னால் ஒட்டிவிட்டது. சாகும் வரை அவர் 'சித்தூர் வி. நாகய்யா'.

ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்வது நம் பாடகர்களுக்குப் புதிதல்ல. செம்மங்குடி, அரியக்குடி, மதுரை என்று ஒரு ரயில்வே கால அட்டவணையே போடலாம். பிறக்காத ஊரின் பெயரை வாங்கிக்கொண்டு அதற்கே அடையாளமாகிவிடுவதுதான் அபூர்வம்.

உலகின் மறுகோடியில் இதைவிட விநோதமான பெயர் விவகாரம் ஒன்று உண்டு. 1974ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்ற இடத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் ஒரு ராக் குழு ஆரம்பித்தார்கள். ஜெஃப்ரி ஹைமன், ஜான் கம்மிங்ஸ், டக்ளஸ் கால்வின், ஹங்கேரியிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பிள்ளை தாமஸ் எர்டெலி. ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை. ஆனால் நால்வரும் 'ராமோன்' என்ற ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஜோயி ராமோன், ஜானி ராமோன், டீ டீ ராமோன், டாமி ராமோன். குழுவின் பெயர் ராமோன்ஸ். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி பிரபலமாவதற்கு முன் கொஞ்ச நாள் வைத்திருந்த 'பால் ராமோன்' என்ற புனைபெயரிலிருந்து எடுத்தது அது. ராம விலாசத்துக்கும் ராமோனுக்கும் ஒலி ஒற்றுமை தற்செயல். மற்ற ஒற்றுமைகளை அப்படித் தள்ளிவிட முடியாது.

அப்போது ராக் இசை பெருத்துப்போயிருந்தது. பெரிய மைதானங்கள், லாரி லாரியாகக் கருவிகள், பத்து நிமிட கிடார் வாசிப்பு. ராமோன்ஸ் அதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். கச்சேரி பாஷையில் சொன்னால், ஆலாபனை இல்லை, நிரவல் இல்லை, தனி ஆவர்த்தனம் இல்லை. பல்லவியை வேகமாகப் பாடிவிட்டு இறங்கிவிடுவது. 1976 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். எல்லாம் சேர்ந்தும் அரை மணி நேரம் ஆகவில்லை. பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். பெரிய குழுக்கள் செலவிட்டதோடு ஒப்பிட்டால் இது காபிச் செலவு. அந்த ஜூலையில் லண்டனில் பாடினார்கள். அங்கே கிடார் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்த பையன்களுக்கு ஒரு தைரியம் பிறந்தது: இவ்வளவுதான் தேவையென்றால் நாமும் செய்யலாமே. பங்க் ராக் என்ற பெயர் உலகம் சுற்றக் கிளம்பியது.

ஆனால் ஆல்பம் விற்கவில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 111ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. ஆகவே ராமோன்ஸ் ஊர் ஊராகப் போனார்கள். 22 ஆண்டுகளில் 2,263 நிகழ்ச்சிகள். ஜோயியும் ஜானியும் ஒரு கட்டத்தில் பேசிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள். இருந்தும் ஒரே வேனில் பயணம் செய்து ஒரே மேடையில் பாடினார்கள். நம் ஊர் நாடகக் கம்பெனிக்காரர்களுக்கு இது புரியும். மேடைக்குப் பின்னால் முகம் கொடுத்துப் பேசாத ராமனும் லட்சுமணனும் மேடையில் கட்டித் தழுவிக்கொண்ட கதைகள் இங்கும் உண்டு. 1996 ஆகஸ்டில் கடைசி நிகழ்ச்சி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இவர்கள் போட்ட பாதையில் வந்த கிரீன் டே குழுவின் 'டூக்கி' ஆல்பம் வெளியானது. அமெரிக்காவில் மட்டும் அது ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

ராமோன்ஸின் முதல் ஆல்பம் 5 லட்சம் பிரதிகள் விற்று 'தங்க' ஆல்பம் என்ற சான்று பெற்றது 2014 ஏப்ரலில். 38 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜோயி 2001ல் இறந்துவிட்டார். டீ டீ 2002ல். ஜானி 2004ல். நால்வரில் உயிரோடு இருந்தவர் டாமி மட்டும். அவரும் அதே ஆண்டு ஜூலையில் போய்ச் சேர்ந்தார். இன்று அவர்கள் சின்னம் அச்சிட்ட டி-ஷர்ட்டை உலகமெங்கும் பார்க்கலாம். போட்டிருப்பவர்களில் பலர் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை.

சித்தூருக்குத் திரும்பலாம்.

அந்த மண்ணே கலப்பு மண். 1911ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் ஒரு பகுதி அதற்குப் போனது. 1960ல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. கோடு எங்கே விழுந்தாலும் பாட்டு அதைப் பார்க்கவில்லை. சித்தூர் வட்டாரத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் கதை, இரவில் கூத்து. பாடுகிறவருக்கு இரண்டு மொழியும் தெரியும்; கேட்கிறவருக்கும் தெரியும். நாகய்யா தெலுங்கிலும் தமிழிலும் ஒரே நேரத்தில் நட்சத்திரமானதற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம்.

1938ல் எச்.எம். ரெட்டியின் 'கிருஹலட்சுமி'யில் அறிமுகம். அடுத்த ஆண்டே பி.என். ரெட்டி தன் வாகினி நிறுவனத்தின் முதல் படமான 'வந்தே மாதரம்' படத்தில் அவரைக் கதாநாயகனாக்கினார். தமிழில் 1941ல் 'அசோக் குமார்'. எம்.கே. தியாகராஜ பாகவதர் குணாளனாக வர, நாகய்யா அசோகச் சக்கரவர்த்தி. 1945ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'மீரா'. எம்.எஸ். சுப்புலட்சுமி மீரா, அவர் கணவரான ராணா, நாகய்யா. 1948ல் ஜெமினியின் 'சக்ரதாரி'.

தெலுங்கில் அவர் உயரம் இன்னும் அதிகம். 'பக்த போதனா', 'தியாகய்யா' (1946), 'யோகி வேமனா' (1947). மூன்றும் கவிகளின், ஞானிகளின் கதை. 'தியாகய்யா'வில் தயாரிப்பு, இயக்கம், நடிப்பு, பாட்டு எல்லாம் அவரே. மைசூர், திருவாங்கூர் மன்னர்கள் அவரைக் கௌரவித்தார்கள். திரையில் கண்ட பக்தரையே நேரில் கண்டதாக நினைத்து மக்கள் கும்பிட்டார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. உண்டியலைப் பார்க்காத தியாகராஜராக நடித்தவர், தன் உண்டியலையும் பார்க்காமல் வாழ்ந்தார். அக்காலத்தில் அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் அவரும் ஒருவர். சென்னையில் அவர் வீட்டில் எப்போதும் பந்தி. வாய்ப்புத் தேடி வந்தவர், வாய்ப்பு இழந்து போனவர், கல்யாணச் செலவுக்கு வந்தவர், பெயர் தெரியாதவர் என்று எல்லோருக்கும் இலை விழுந்தது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்பதை அவரோடு பழகியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். 1953ல் தமிழில் 'என் வீடு', தெலுங்கில் 'நா இல்லு' என்று சொந்தப் படம் எடுத்தார். படத்தின் பெயர் வீடு. பலன் நேர் எதிர்.

அதற்குப் பின் வந்த தலைமுறைத் தமிழ் ரசிகர்களுக்கு நாகய்யா என்றால் வெள்ளைத் தாடி, கனிந்த பார்வை, ஒரு பெரியவர் வேடம். 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் சிவாஜி கணேசனை வளர்க்கும் இஸ்லாமியப் பெரியவர் அவர்தான். 'ராமு' (1966) படத்திலும் இருக்கிறார். ஒரு சின்ன விஷயம் பலர் கவனத்துக்கு வருவதில்லை. 'பாவ மன்னிப்பு' படத்தில் அவருடைய வாயசைப்புக்கு ஒலித்த குரல் நாகூர் ஹனிபாவுடையது. 'ராமு'வில் சீர்காழி கோவிந்தராஜனுடையது. சொந்தக் குரலால் ஒரு காலத்தை ஆண்டவர், வயதான காலத்தில் வேறு இருவர் பாட உதடு அசைத்தார். இரண்டு பாட்டும் இன்றும் ஒலிக்கின்றன. திரையில் இருப்பவர் யார் என்று கேட்கிறவர் குறைவு.

1965ல் பத்மஸ்ரீ வந்தது. வருமானம் வரவில்லை. சிறு வேடம் என்றும் பார்க்காமல் கிடைத்ததை ஏற்றுக்கொண்டார். 1973 டிசம்பர் 30 அன்று அவர் இறந்தபோது கையில் எதுவும் மிஞ்சவில்லை.

நாகய்யாவின் கதையை இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் இதற்கு ஒரே நீதிதான் சொன்னார்கள்: கொடுத்தே கெட்டார். கர்ணன் கதை போல. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறது. அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு எவ்வளவு வரவேண்டியிருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு பாட்டு பதிவாகிவிட்டால், பாடியவருக்கு அன்றைய சம்பளத்தோடு உறவு முடிந்தது. இசைத்தட்டு விற்றாலும், வானொலி ஒலிபரப்பினாலும், படம் மறுபடி ஓடினாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் பாடகர் என்ற பிறவிக்கே இடமில்லை. 1960களில் லதா மங்கேஷ்கர் பாடகர்களுக்கும் ராயல்டி வேண்டும் என்று கேட்டபோது முகமது ரஃபி ஒப்புக்கொள்ளவில்லை. பாடினோம், சம்பளம் வாங்கினோம், தீர்ந்தது என்பது அவர் கட்சி. இருவரும் சில காலம் சேர்ந்து பாடாததற்கு இதுவும் ஒரு காரணம். 1977ல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் கூலி பெற்று எழுதிய பாட்டு, அமைத்த இசை ஆகியவற்றின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. 1994ல் செய்த திருத்தம் பாடுபவருக்கு முதன்முதலாக ஓர் உரிமை கொடுத்தது. சினிமாப் பாட்டு விஷயத்தில் அதுவும் செல்லவில்லை. நாகய்யா இறந்து 39 ஆண்டுகள் கழித்து, 2012ல்தான் சட்டம் மாறியது. மாநிலங்களவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் வாதாடிய அந்தத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் பங்கு உண்டு.

நாகய்யாவுக்கு இது பயன்படாது. ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 ஆண்டுகள்தான். 1940களில் வந்த ஒலிப்பதிவுகள் இன்று பொதுச் சொத்து. அவர் பாடியதை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வெளியிடலாம். கொடுத்துப் பழகியவருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. 'மீரா'வின் மீதிக் கதை அங்கே இருக்கிறது.

திரையில் நாகய்யாவின் மனைவியாக நடித்த எம்.எஸ். சுப்புலட்சுமி, நிஜ வாழ்க்கையில் அவரைப் போலவே கணக்குப் பார்க்காதவர். நூற்றுக்கணக்கான கச்சேரிகளின் வருமானம் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் கோயில்களுக்கும் போனது. 1963ல் எச்.எம்.வி. வெளியிட்ட அவருடைய வேங்கடேச சுப்ரபாதம் தென்னிந்திய வீடுகளில் சேவலுக்குப் பதிலாகக் கூவியது. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குக் கொடுத்துவிட்டார். 1970களின் கடைசியில் சதாசிவம் - எம்.எஸ். தம்பதி பெரிய தோட்டமும் வீடும் விற்று, சிறிய வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

அப்போது தேவஸ்தானத்தின் நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத். உதவி செய்ய வேண்டும் என்று அவர் நினைத்தார். நன்கொடை என்றால் அந்த வீட்டில் வாங்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் வேலை கொடுத்தார். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளையும் வேறு பாடல்களையும் எம்.எஸ். பாட வேண்டும், தேவஸ்தானம் அதற்குச் சன்மானம் கொடுக்கும். அறுபதைத் தாண்டிய எம்.எஸ்., புது மாணவி போலப் பாடம் செய்தார். ஐந்து இசைத்தட்டுகளாக 'பாலாஜி பஞ்சரத்ன மாலா' 1980 வாக்கில் வெளியானது. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி மெட்டமைத்த கீர்த்தனைகள் தமிழ் வீடுகளுக்குள் புகுந்தது இப்படித்தான்.

அந்தக் கீர்த்தனைகளின் வரலாறும் இங்கே பொருந்துகிறது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியார் 32,000 பாடியதாக மரபு. கிடைத்திருப்பவை சுமார் 12,000. அவையும் கிடைத்ததற்குக் காரணம் அவருடைய குடும்பம் செம்புத் தகடுகளில் அவற்றைப் பொறித்து வைத்ததுதான். திருமலைக் கோயிலுக்குள் ஓர் அறையில் தகடுகள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்து அச்சேறின. தகட்டில் சாகித்தியம் இருந்தது, ராகப் பெயர் இருந்தது, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதல் நேதுநூரி வரை பலர் புது மெட்டுப் போட்டார்கள். பாட்டைக் காப்பாற்ற ஒரு குடும்பம், ஓர் அறை, பிறகு ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் எல்லாம் தேவைப்பட்டன. பக்தி மட்டும் போதுமென்றால் தகடு எதற்கு?

பிரசாத் செய்ததில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு கலைஞருக்குப் பணமுடை இருக்கிறது. அவரிடம் வித்தை இருக்கிறது. ஒரு நிறுவனத்திடம் பணம் இருக்கிறது. பொன்னாடை போர்த்தாமல் ஒப்பந்தம் போட்டார். நாகய்யாவுக்கு மாலைகள் வந்தன, பட்டம் வந்தது, பாராட்டுக் கூட்டம் வந்தது. ஒப்பந்தம் வரவில்லை. ராமோன்ஸுக்குப் புகழ் வந்தது; தங்கச் சான்று வந்தபோது வாங்கிக்கொள்ள ஒருவர்தான் மிச்சம்.

ஒரு மறுப்பு எழலாம். 2012 சட்டம் வந்துவிட்டதே, இனி எந்தப் பாடகர் பட்டினி கிடப்பார்? சினிமாவில் பதிவான குரலுக்குத்தான் அந்தச் சட்டம் முழுதாகப் பயன்படுகிறது. சித்தூர் கிராமத்தில் பாரதத் திருவிழாவுக்கு இரவு முழுதும் துரியோதனன் வேடம் கட்டிப் பாடுகிறவர், பக்கத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், கல்யாண வீட்டில் நாதஸ்வரம் ஊதுகிறவர் ஆகியோருக்கு அன்றைய கூலிதான். அவர்கள் பாட்டைச் செல்போனில் பதிவு செய்து இணையத்தில் போடுகிறவருக்கு விளம்பரக் காசு வரலாம். பாடியவருக்குத் தன் பாட்டு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. நாகய்யாவும் அந்த வகை மேடையிலிருந்து வந்தவர்தான். சினிமா அவரைத் தூக்கிச் சென்றது. மற்றவர்கள் அங்கேயே நின்றார்கள்.

இவர்களுக்குக் கர்ணன் பட்டம் தேவையில்லை. தேவஸ்தானங்கள், பல்கலைக்கழகங்கள், ஒலிபரப்பு நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன. பணமும் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை பொன்னாடை வாங்கும் செலவில் ஒரு கூத்துக் குழுவின் முழு பாரதத்தையும் முறையான ஊதியம் கொடுத்துப் பதிவு செய்யலாம். உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். செம்புத் தகட்டின் இன்றைய பதிப்பு அதுதான்.

இறந்த பிறகு பெயர் சூட்டுவதில் நியூயார்க்கும் நாமும் சளைத்தவர்கள் அல்ல. 2003ல் அங்கே ஒரு தெருமுனைக்கு 'ஜோயி ராமோன் பிளேஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரசிகர்கள் பெயர்ப் பலகையை அடிக்கடி திருடிக்கொண்டு போனதால் அதைக் கை எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டியதாயிற்று. திருப்பதியில் பூர்ணகும்பம் சந்திப்பில் 2006ல் எம்.எஸ். வெண்கலச் சிலையாக வந்து உட்கார்ந்தார். சித்தூரில் நாகய்யா பெயரில் கலாக்ஷேத்திரம்.

அங்கே அடுத்த முறை யாராவது பாடும்போது, பாட்டு முடிந்ததும் மாலை போடுவார்கள். போடட்டும். மாலையோடு கவர் ஒன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது நாகய்யாவுக்குச் செய்யும் மரியாதை.